ரத்தம் எடுக்காத மாப்பிள்ளை

— அதெப்படி சிஸ்டர், எல்லார்ட்டயும் ரத்தம் எடுக்குறீக, எங்க மாப்ளைய மட்டும் எந்திரிக்கச் சொல்லிட்டீக?

— இன்னைக்கு அவர்ட்ட எடுக்க முடியாதும்மா.

— ஏனாம்?

— அதை வெளியாளுகிட்டச் சொல்லக்கூடாது.

— நானா வெளியாளு? என் பேரு சங்கிலியம்மா. அவருக்கு மாமியாளாகப் போறவ. தை பொறந்தா என் மக சினேகாவோட கல்யாணம்.

— பெத்த தாயே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம்மா.

— அடியாத்தீ! அப்பப் பெரிய நோவுதான். நல்லவேளை, பத்திரிகை அடிக்கல.

— நோவுன்னு நான் சொன்னேனா?

— போடியில எவனாச்சும் மூட்டைக்குள்ள கைய விடாம ஏலக்கா வாங்குவானா? அதான் கூட்டியாந்தேன். நீங்க சோதிச்சுப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுவீகன்னு.

— நல்லா இருக்கும்மா! இது மாப்ள சோதிக்கிற எடமா? கம்பத்துல ஒரு பொண்ணு பிரசவத்துல கெடக்கும், குமுளி மலையில ஒருத்தன் அடிபட்டுக் கெடப்பான். அவுகளுக்கு ஏத்துறதுக்கு எடுக்குறோம்.

— அப்ப காசு கம்மின்னு முறுக்கிட்டு எந்திரிச்சுட்டாரோ?

— காசே கிடையாது. டீயும் பிஸ்கட்டும்தான். காசுன்னா, இருக்குற நோவை மறைச்சுட்டுக் கைய நீட்டுவாக. சும்மா குடுக்க வர்றவருக்கு மறைக்க என்ன இருக்கு? உங்க மாப்ளயும் கேட்டதுக்கு உள்ளதச் சொன்னாரு. அதான் எந்திரிக்கச் சொன்னேன்.

— உள்ளதுன்னா? மாப்ள, இங்கன வாங்க. மொதல்ல பிஸ்கட்டக் கீழ வைங்க. ரத்தம் குடுக்காதவருக்கு எதுக்குப் பிஸ்கட்டு?

— சிஸ்டர்தான் குடுத்தாக அத்தை.

— சக்கரையா? மஞ்சக்காமாலையா? சொல்லுங்க.

— ஒண்ணுமில்லத்தை. நல்லாத்தான் இருக்கேன்.

— நல்லா இருக்கவரை எதுக்கு எழுப்பி விடுறாக? காரணம் தெரியாம என் மக கழுத்த நீட்ட மாட்டா, ஆமா.

— அப்படிச் சொல்லாதீக அத்தை! சிஸ்டர், நோயில்லைன்னு நீங்களாச்சும் சொல்லுங்க.

— நீங்க சரின்னா காரணத்தையும் சேத்தே சொல்றேன், விஜயபாண்டி தம்பி.

— ஐயோ, காரணம் வேணாம்!

— பாத்தீகளா, மனுசனுக்கு வேர்த்து ஊத்துது. இருங்க, வீட்டுக்குப் போன் போட்டுக் கல்யாணத்த நிப்பாட்டச் சொல்றேன்.

— போன வைங்க அத்தை! சொல்லீர்றேன்... பச்சை குத்தியிருக்கேன்.

— பச்சையா?

— ஆமாம்மா. பச்சை குத்தி ஒரு வருசம் ஆகாம எடுக்க மாட்டோம். எந்த ஊசியில குத்துனானோ, என்ன ஒட்டிக்கிச்சோ, யாரு கண்டா? மத்தபடி பாத்தா ஆளு நல்லாத்தான் இருக்காரு.

— இம்புட்டுத்தானா! இதுக்கா மாப்ள கல்யாணத்த நிப்பாட்டப் பாத்தேன்! எங்கன குத்துனது?

— வீரபாண்டித் திருவிழாவுல. சித்திரையில.

— அப்பச் சாமியாத்தான் இருக்கும். காட்டுங்க, கும்பிட்டுக்கிறேன். எதுக்குச் சட்டைய இறுக்கிப் புடிக்கிறீக? கைய எடுங்க.

— அத்தை, வேணாம் அத்தை...

— சி... னே... கா. ஏன்யா, போன வாரந்தானய்யா என் மகளையே ஒனக்குக் காட்டுனேன்!