அப்பாவின் நெஞ்சில் நான் போட்ட கோடு

மேடையில் இருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, கோகிலவாணி அக்காவைப் பெற்ற பெரியம்மாள் அம்மா அவர்களே, கதிர்வீச்சுப் பிரிவின் பணியாளர்களே, சிகிச்சைக்கு வந்த இடத்தில் அஞ்சலிக்காக அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

நான் சுபா. மொரப்பூர் பக்கம். பதினொன்றாம் வகுப்பு. என் அப்பா சவரி இங்கே நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். மூன்றாவது வரிசையில் பெரியப்பாவுடன் அமர்ந்திருக்கிறார். இதை வீட்டில் யாருக்கும் தெரியாமல் எழுதினேன்.

கதிர்வீச்சுத் தொழில்நுட்பர் கோகிலவாணி! போன செவ்வாய்க்கிழமை வேலைக்கு வரும் வழியில் விபத்தில் போய்விட்டார். அவர் செய்த வேலை என்ன? முதல் நாள் எடுத்த ஸ்கேன் படத்தின் மேல், அன்றன்று எடுக்கும் படத்தை வைத்துப் பொருத்திப் பார்ப்பார். எலும்பின் மேல் எலும்பு உட்கார வேண்டும். கட்டியின் மேல் கட்டி உட்கார வேண்டும். அதன் பிறகுதான் கதிர். ஆனால் உடம்பு நேற்று இருந்தபடியே இன்றும் இருக்குமா? இருக்காது என்று தினமும் சந்தேகப்பட்டவர் அவர்!

அப்பாவின் சிகிச்சையில் மூன்றாவது வாரம், சனிக்கிழமை. கரண்டு வைத்து, எங்கள் ஊரில் கதிர்வீச்சை அப்படித்தான் சொல்வோம், அப்பாவுக்கு உடம்பு சூடாகிவிட்டது என்று அம்மா தலையிலும் நெஞ்சிலும் விளக்கெண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துவிட்டார். கதிர் வைக்கும் இடத்துக்கு அடையாளமாக இந்தப் பிரிவில் நெஞ்சில் போட்டிருந்த கோடு அழிந்துவிட்டது. அம்மா அழுதார்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா கரண்டு வெக்கவே போவ மாட்டாருடி."

மத்தியானம் அப்பா தூங்கும்போது, என் பள்ளிக்கூட மார்க்கரால் நானே கோட்டைப் போட்டேன்.

திங்கட்கிழமை, படம் எடுத்த கோகிலவாணி அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"சவரி அண்ணா, கோட்டை யாராச்சும் தொட்டீங்களா?"

"இல்லீங்க. நீங்க போட்டதுதானுங்க."

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று கதிர் வைக்கவில்லை. மறுபடி ஸ்கேன், புதிய திட்டம். நான்கு நாள் சிகிச்சை நின்றது. பெரியப்பா இதே கூடத்தில் கத்தினார்.

"ஒழுங்கா படுக்க வெக்கத் தெரியாதா உனக்கு? மனுசன் உசுருல வெளையாடறியா?"

புகாரும் எழுதிக் கொடுத்தார். கோடு எப்படித் தள்ளிப்போனது என்று கேட்டு அக்காவுக்கு மெமோ வந்தது. வீட்டில் யாரோ கோடு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதாதா? எழுதவில்லையே!

அவருக்குத் தெரியும். மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"எங்க பேனா ஊதா, புள்ள. இது கறுப்பு. ஸ்கேல் வெச்சுப் போட்டியா? நாங்ககூட இவ்ளோ நேரா போட மாட்டோம்."

நான் அழுதேன்.

"அழுவாத. உன் கோடு ஒரு விரக்கடை தள்ளியிருந்துது. அதைப் படத்தைப் பார்த்து நகர்த்திட்டேன். எலும்பு உக்காந்துருச்சு, கட்டி உக்காரல. மூடிக் கெடந்த நுரையீரல் தொறந்துக்கிச்சு. கட்டி சுருங்கி எடம் மாறிருச்சு. பழைய கணக்குல வெச்சா நோவு இல்லாத நல்ல எடத்துல படும். அதான் நிறுத்துனேன்."

"வூட்ல சொல்லணுங்களா அக்கா?"

"உனக்கு எப்ப முடியுதோ அப்பச் சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆவாது."

ஏழு மாதம். எனக்கு முடியவே இல்லை. பெரியப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் "அந்தப் பொம்பள நாலு நாளைத் தின்னுட்டா" என்பார். நான் சோற்றை விழுங்குவேன். சொன்னால் அம்மாவை அடிப்பார்களோ? என் படிப்பை நிறுத்துவார்களோ? சொல்லாவிட்டால் அக்கா மேல் பழி! எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அக்காவிடமாவது மன்னிப்புக் கேட்டேனா? அதற்குள் போய்விட்டாரே!

அப்பா, அந்த நான்கு நாள் உங்களைக் காப்பாற்றிய நாள். பெரியப்பா, அவர் தப்புச் செய்யவில்லை. அம்மாவும் செய்யவில்லை. கேட்காமல் கோடு போட்டதும், கேட்டபோது மறைத்ததும் நான்.

கோகிலவாணி அக்காவின் வேலையைச் செய்ய எனக்கு இன்னும் படிப்பு இல்லை. ஆனால் விடுமுறை நாட்களில் இந்தக் கூடத்துக்கு வருவேன். கோடு அழிந்தால் நீங்களே போடாதீர்கள், உள்ளே போய்ச் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். இது உறுதி.

மருத்துவர் ஐயா, என் பெயர் எழுதிய இந்தத் தாளைப் புகாரோடு சேர்த்து வையுங்கள்.

எங்கள் ஊருக்கு ஐந்தரை மணிக்கு ஒரு பஸ்தான். அப்பா, பெரியப்பா, நான், மூவரும் அதில்தான் போக வேண்டும். பயமாக இருக்கிறது. இறங்கி வருகிறேன்.