ம் கொட்ட வேண்டாம்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. பிரசாந்த் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அவனுக்கு நடந்ததில்லை; அவன் அக்கா பவித்ராவுக்கு நடந்தது. சொல்லும்போது நடுநடுவே நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான். அந்த இடைவெளிகளை நானாக எதையாவது வைத்து நிரப்பியிருக்கலாம்.

ஒன்று மட்டும். முடியும்வரை யாரும் ம் கொட்ட வேண்டாம்.

"ம்," என்றான் லோகேஷ். கரண்ட் போன இருட்டில், கரையில் நாங்கள் சாய்ந்திருந்த படகுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

சரி, கேளுங்கள்.

தை மாதம். விடியற்காலை ஐந்து மணி. தோணிரேவு கிராமத்திலிருந்து ஏரிக்குப் போகும் மண் பாதை. பனியில் முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை. மூன்று பெண்கள்... பவித்ரா, அவள் அம்மா காசியம்மாள், பக்கத்து வீட்டு அங்காளம்மாள். கையால் இறால் தடவப் போகிறார்கள்.

தடவுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போவார்கள். பிடித்ததைப் போடும் பறியின் கயிறு பல்லில் இருக்கும். வாயைத் திறக்க முடியாது. அதனால் பனி நாளில் ஒருத்தி இருக்கும் இடம் மற்றவர்களுக்குத் தெரிய, மூக்காலேயே ஒரு "ம்ம்..." சொல்வாள். கேட்டவர்கள் திருப்பி "ம்ம்..." சொல்லியாக வேண்டும். ஒருத்தி விடாமல் மூன்று தடவை சொன்னால் சேற்றில் மாட்டிக்கொண்டாள் என்று அர்த்தம். பறியை விட்டுவிட்டு ஓட வேண்டும்.

காசியம்மாளுக்கு முட்டி போய்விட்டது. மாட்டிக்கொண்டால் தானாக எழ முடியாது. அதற்காகத்தான் பவித்ரா கூட இறங்கினாள்.

"ஆபீசரம்மா தண்ணில எறங்குது பாரு," என்று காசியம்மாள் கிண்டல் செய்தாளாம். "கொரங்குக்கு சோறு போட்ட கை. எறாலு வருமா?"

"வராட்டி நீயே ரெண்டு பங்கு புடி, அத்தோட வாய மூடு," என்றாள் பவித்ரா.

அதற்கு முன் நான்கு வருடம் அவள் தண்ணீரில் இறங்கவில்லை. பொன்னேரியில் ரயிலேறி ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்வந்தாள். குரங்குகளுக்குத் தீனி போடுவது, பினாயில் ஊற்றிக் கூண்டு கழுவுவது. மனிதருக்கு எச்.ஐ.வி. போல, குரங்குக்கு எஸ்.ஐ.வி. அந்தக் கிருமியை ஏற்றி, மருந்து கொடுத்து, ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

"மருந்து குடுத்தா ரத்தத்துல காணாம பூடும்டா," என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். "நிறுத்துனா திரும்பி வந்துடும். எங்க ஒளிஞ்சிக்கினு இருந்துச்சின்னு பாக்கணும்னா... கொரங்கத் தொறந்துதான் பாக்கணும்."

ரத்தம் எடுக்கக் குரங்கு தானாகக் கையை நீட்டப் பழக்க வேண்டும். பவித்ராவின் முகத்தில் இறுக்கமான முகமூடி, அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு. பேசினால் கேட்காது. வாய் கட்டியிருந்தால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்... "ம்ம்..."

நெஞ்சில் நாற்பத்தொன்று என்று பச்சை குத்திய குரங்கு முதலில் பழகியது. இவள் சொன்னதும் அதுவும் மூக்கால் சொல்லும். கம்பி வழியாகக் கையை நேராக நீட்டும், உள்பக்கம் மேலே தெரிய. ஊசி போட்டு முடிந்ததும் வறுத்த வேர்க்கடலை ஒன்று. அதுவரை அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நாற்பத்தொன்றைத் திறந்து பார்க்கும் நாள் வந்தது. மயக்க ஊசி என்பதால் வயிறு காலியாக இருக்க வேண்டும். கடலை கிடையாது. பவித்ரா கூப்பிட்டாள். கை வந்தது. ஊசி போட்டார்கள். அது அவள் விரலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னது.

ம்ம்... ம்ம்... ம்ம்.

மூன்று தடவை.

பவித்ரா பதில் சொல்லவில்லை. விரலை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

லோகேஷ் இருமினான்.

ஏரிக்கு வருகிறேன். மூன்று பேர் இறங்கினார்கள். ஒருத்தி கூப்பிட்டால் இரண்டு பதில் வர வேண்டும். பவித்ரா "ம்ம்..." என்றாள். இடது பக்கம் ஒன்று. தூரத்தில் ஒன்று. பிறகு... மிக அருகில் ஒன்று.

நின்றாள். தண்ணீர் அசையும் சத்தம்கூட இல்லை. பினாயில் வாடை அடித்தது. நடு ஏரியில்.

பல்லில் இருந்த கயிற்றை விட்டுவிட்டுக் கத்தவும் தோன்றவில்லை. கை மட்டும் பழக்கத்தில் சேற்றைத் துழாவியது. விரலில் ஏதோ பட்டது. இறால் இல்லை. வேர் இல்லை. ஐந்து சின்ன விரல்கள். அவள் ஆள்காட்டி விரலைச் சுற்றி மெல்ல மூடின. சூடாக இருந்தன.

அப்போதுதான் இடது பக்கத்திலிருந்து கேட்டது.

ம்ம்... ம்ம்... ம்ம்.

"அம்மாதான்னு தெரியும்டா," என்று பிறகு பிரசாந்திடம் சொன்னாள். "அது இறுக்கிப் புடிக்கல. சும்மா புடிச்சின்னு இருந்துச்சி. உருவிக்கினு போயிருக்கலாம். ஒருவாட்டி உருவினேனே... மறுபடி முடியல."

மறுபடி மூன்று. மறுபடியும் மூன்று. பிறகு இல்லை. பனி கலைந்து வெயில் தண்ணீரில் பட்டபோது விரல்கள் தாமாக விட்டன.

அங்காளம்மாள் ஏன் வரவில்லை என்று பிரசாந்த் சண்டைக்குப் போனான். அவள் அழுதுகொண்டே சொன்னாள். "காசி கூப்பிட்டப்பல்லாம் பதிலு வந்துச்சேப்பா. பொண்ணு பக்கத்துல போயிட்டான்னு இருந்துட்டேன்."

பவித்ரா ஒரு முறைகூடப் பதில் சொல்லவில்லை.

இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் குரங்குகள் இருந்த அறை இப்போது காலிப் பெட்டிகள் வைக்கும் இடம். அங்காளம்மாள் தன் மகள் வீட்டோடு போய்விட்டாள். தோணிரேவுப் பெண்கள் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பவித்ராவுக்கு மீஞ்சூரில் பெட்டி அடுக்கும் வேலை. வலது கையில் எப்போதும் உறை போட்டிருக்கிறாள்.

காசியம்மாள் மார்பளவு சேற்றில் புதைந்து, தலை தண்ணீருக்குள் இருக்க, நின்றபடி கிடைத்தாள். அன்று மாலையே அடக்கம் செய்தார்கள். வலது கை நேராக நீண்டிருந்தது, உள்பக்கம் மேலே தெரிய. எவ்வளவோ மடக்கிப் பார்த்தும் மடங்கவில்லை. மூடியிருந்த விரல்களைப் பிரித்தது பிரசாந்த்தான். உள்ளே ஒரு வறுத்த வேர்க்கடலை இருந்தது. தோல் நனையவில்லை.