மூலமே இல்லாத கணக்கு

குற்றாலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும்.

"ஏட்டி, கணக்கு சார்ட்ட எதுத்துப் பேசுனியாமே? நாளைக்கு மன்னிப்புக் கேட்டுரு."

"கேக்க மாட்டேன். இல்லாத விடைய எப்படிம்மா எழுத?"

"மத்த பிள்ளைய எல்லாம் எழுதிருக்குல்லா?"

"போர்டைப் பாத்து எழுதிருக்கு."

சாரலில் ஆவி படிந்திருந்த கண்ணாடியில் அவள் விரலால் எழுதினாள்.

"எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ரெண்டு எக்ஸ் பிளஸ் அஞ்சு, ஈக்வல் டு சைபர். மொதல்ல தன்மைகாட்டி பாக்கணும். பி ஸ்கொயர் நாலு. நாலு ஏ சி இருபது. நாலுல இருபது போனா மைனஸ் பதினாறு. மைனஸ் வந்தா மெய்யெண் மூலமே கெடையாது. சார் விடை மைனஸ் ஒண்ணு, மைனஸ் அஞ்சுங்காவ. மைனஸ் ஒண்ணைப் போட்டா நாலு வருது. சைபர்லா வரணும்?"

"இத சார்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். வெளிய நிக்கச் சொல்லிட்டாவ. அங்கன நின்னும் போட்டுப் பாத்தேன். மைனஸ் பதினாறுதான் வருது."

அம்மா கண்ணாடியில் இருந்த கணக்கை வரிவரியாகப் பார்த்தார்.

"அப்ப மன்னிப்புக் கேக்காத. நாளைக்கு நானும் வாரேன். எங்கிட்ட போட்டுக் காட்டட்டும்."

"உன்னையும் வெளிய நிக்கச் சொன்னா?"

"சேந்து நிப்போம்."