சிப்பாயி தாண்டவராயன் காதுல உழுந்த சொல்லு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, தாது வருசத்துப் பஞ்சம் வந்து ஊரைத் தொடைச்சிட்டுப் போன பொறவு, நம்ம மேல்நெடும்பாக்கத்துல தாண்டவராயன்னு ஒருத்தரு இருந்தாராம். எங்க பாட்டனாருக்குப் பெரியப்பன் மொறை. பஞ்சத்துல தாயும் போயி தகப்பனும் போயி, கஞ்சிக்கு வழியில்லாம வேலூருக்கு நடந்து போயி பட்டாளத்துல சேந்துட்டாராம். வெள்ளக்காரன் நெஞ்சை அளந்தான், பல்லைப் பாத்தான், செவப்புச் சட்டையக் குடுத்தான். சிப்பாயி தாண்டவராயன் ஆயிட்டாரு.

கொஞ்ச வருசம் போச்சு. பட்டாளத்தைக் கப்பல்ல ஏத்தினாங்க. எங்க போறோம்னு கேட்டா பர்மான்னாங்க. அந்தச் சீமை ராசாவை வெள்ளக்காரன் புடிச்சு நாடு கடத்திட்டான். ராசா போனா சண்டை ஓஞ்சிடும்னு நெனச்சான். ஓயல. சனங்க காட்டுக்குள்ள பூந்துக்கினாங்க. மூங்கில் பொதருலேந்து சுடுவாங்களாம். திரும்பிப் பாத்தா ஆளு இருக்காது. நடந்து போற வரிசையில கடைசி ஆளைத் தூக்கிடுவாங்களாம். திரும்பிப் பாத்தா ஆளு இருக்காது.

இவுங்களுக்கு மேல மதார் சாயபுன்னு ஒரு அவுல்தாரு. நம்ம ஆர்க்காட்டுக்காரரு. தாண்டவராயனைக் கூடப் பொறந்தவனாட்டம் பாத்துக்கினவரு.

"ஏண்டா தாண்டவா, எதிராளி மூஞ்சிய ஒரு நாளாச்சும் பாத்தியா?"

"இல்லீங்க அவுல்தார்."

"நானும் பாக்கல. பாக்காமலே செத்துடுவோம் போலக்கீது."

அப்படித்தான் ஆச்சு. மறுநாள் காலையில ஆத்துல மூஞ்சி கழுவக் குனிஞ்சவரு நிமிரல. மூங்கில் பொதருலேந்து ஒரு குண்டு.

பட்டாளத்து வெள்ளக்காரத் தொரைக்குக் கோவம் வந்துச்சு. "கிட்டக்கீற ஊருதான் சோறு போடுது, மறைச்சும் வெக்கிது. கொளுத்துங்க"ன்னாரு. போனாங்க. ஊருல வயசு ஆம்பள ஒருத்தனும் இல்ல. கெழடு கட்டை, பொம்பளைங்க, புள்ளைங்க. எல்லாரையும் ஆத்தங்கரைக்கு ஓட்டினாங்க. தீவட்டிய எடுத்து தாண்டவராயன் கையில குடுத்தாங்க. அவுருக்கும் அன்னிக்கு வெறிதான். சாயபு ரத்தம் அவுரு சட்டையில இன்னும் காயல.

கால் நட்டு ஒசத்திக் கட்டின மூங்கில் வீடுங்க. மொத வீட்டாண்ட போறாரு. ஒரு பொம்பள கூட்டத்தைப் பிச்சிக்கினு ஓடியாந்தா. இவுரு இடுப்புப் பட்டையைப் புடிச்சிக்கினா. வீட்டைக் காட்டிக் காட்டிக் கத்தினாளாம், "தமீ! தமீ!"ன்னு. இவுரு காதுல அது எப்படி உழுந்துச்சு? "தம்பி! தம்பி!"ன்னு உழுந்துச்சு.

"அக்கா, உடுக்கா. வீடு போனா கட்டிக்கலாம். உசுரோட போயிடுக்கா"ன்னு தமிழுலயே சொன்னாராம்.

ரெண்டு சிப்பாயிங்க வந்து அவ கையப் பிரிச்சு இழுத்துக்கினு போனாங்க. இவுரு கூரையில வெச்சாரு. மூங்கில் வெடிச்சுது, துப்பாக்கியாட்டம். வேற ஒண்ணும் காதுல உழல.

சண்டை முடிஞ்சு ஊருக்கு வந்தாரு. காசியம்மான்னு ஒரு பொண்ணைக் கட்டினாரு. பர்மாக் கதை சொல்லுங்கன்னு யாரு கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாராம்: "கண்காணாத சீமையில, பாசை தெரியாத ஒரு பொம்பள என்னைத் தம்பின்னு கூப்பிட்டாப்பா." கேக்கறவங்க கண்ணு கலங்கிடும். பொங்கலுக்குப் படைக்கறப்ப காசியம்மா, "எங்க பர்மா நாத்தனாரு நல்லாக்கீணும்"னு சேத்து வேண்டிக்குமாம். அப்படியே காலம் ஓடிச்சு. அவுரு தலை நரைச்சுது.

அப்பத்தான் கன்னியப்பன்னு ஒருத்தன் ஊரு திரும்பினான். ரங்கூன்ல அரிசி மில்லுல வேலை பாத்தவன். பர்மாக்காரி ஒருத்தியக் கட்டிக்கினு வந்தான். மாசேன்னு பேரு. சின்னதா ஒரு பொண்ணு.

ஒரு நாளு பட்டப்பகல். தாண்டவராயன் ஏரிக்கரை மேல வராரு. பின்னாலேந்து ஒரு கொரல், "தமீ! தமீ!"

அதே கொரலாட்டமே இருந்துச்சாம். "இன்னாக்கா?"ன்னு திரும்பினாரு. மாசேன் நின்னுக்கினு இருந்தா. அவ இவுரைப் பாக்கல. இவுரைத் தாண்டி அந்தப் பொண்ணு ஓடிப் போயி அம்மா காலைக் கட்டிக்கிச்சு.

நேரா கன்னியப்பன் வூட்டுக்குப் போனாரு. "டேய், உம் பொண்டாட்டி கூப்பிடறாளே, அது இன்னா வார்த்தை?"

"அதுவா மாமா? தமீன்னா மகள். அவுங்க பாசையில பொண்ணை அப்படித்தான் கூப்பிடுவாங்க."

தாண்டவராயன் வந்த வழியே வூட்டுக்குத் திரும்பினாராம்.

சாயங்காலம் காசியம்மா அடுப்பு மூட்டிச்சு. "நெருப்ப அவிச்சிடுடி"ன்னாரு. "அவ என்னைத் தம்பின்னு கூப்பிடலடி. பொண்ணு உள்ளாரக்கீதுன்னு சொல்லிக்கீறா."

"ஏன்யா, கொளுத்தச் சொன்னது தொரை. நீ இன்னா பண்ணுவே?"

"தீவட்டி எங் கையில இருந்துச்சுடி."

அதுலேந்து பொகையைக் கண்டா உடமாட்டாரு. கொயவரு சூளைக்கு ஓடுவாரு. கரும்பு வெட்டின பொறவு காஞ்ச தழை, அந்தச் சோகையக் கொளுத்தற கொல்லைக்கு ஓடுவாரு. "பொண்ணு உள்ளாரக்கீது, அவிங்கடா"ன்னு வெறுங்கையால நெருப்ப அடிப்பாரு. கையெல்லாம் கொப்புளம். பூசாரி வந்து வேப்பிலை அடிச்சாரு. கேக்கல. மாசேன் விசயத்தைக் கேள்விப்பட்டு, மவளை அவுரு தெருப்பக்கமே அனுப்பறதில்லையாம்.

கரும்பு வெட்டு முடிஞ்சு ஒரு நாளு சடையன்னு ஒருத்தன் கொல்லையில சோகைக்கு நெருப்பு வெக்கப் போனாங்க. கெழவரு குறுக்கப் படுத்துக்கினாரு. இழுத்தாலும் வரல. சனம் கூடிப்போச்சு. மாசேனும் வந்தா. அவுரு கிட்ட வந்து குனிஞ்சாளாம். அப்புறம் கொச்சைத் தமிழுல கேட்டா.

"நீ அந்தப் பொண்ணைப் பாத்தியா?"

"பாக்கலம்மா."

"அப்ப வெளிய வந்துச்சா, உள்ளாரவே இருந்துச்சா, ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்னிக்கு அந்தப் பொண்ணோட அம்மாவக் கூப்பிட நீங்க உடல. இன்னிக்குக் கூப்பிடு."

கெழவரு தலையத் தரையில சாச்சுக்கினாரு. அவளே சோகையப் பாத்து நின்னா. "தமீ!"ன்னு கூப்பிட்டா. அவுங்க பாசையில, வெளிய வாடீன்னும் சொன்னா. ஒண்ணும் வரல. மாசேன் அழுதா. கெழவரு எழுந்திருச்சு, "இப்ப வெய்யிங்க"ன்னாரு.

அப்புறம் சாவற வரைக்கும் ஊருல எங்க நெருப்பு வெச்சாலும் அவுரு வந்து கூப்பிடுவாரு. அவுரு செத்தப்ப, சொன்னபடியே எரிக்காம பொதைச்சாங்க.

அடுத்த வருசம் சடையன் தமீன்னு கூப்பிடாமலே கொளுத்தினான். பத்திக்கினதுதான் தாமசம், சோகைக்குள்ளேந்து ஒரு சின்னக் கொழந்தை சத்தம். அடிச்சு அவிச்சுப் பாத்தா ஒண்ணும் இல்ல. மயிலுன்னு சில பேரு சொன்னாங்க. சடையன் மட்டும் கடைசி வரைக்கும் மயிலுன்னு சொல்லல.

அதான் அந்தக் கொல்லைக்குத் தமியம்மா கொல்லைன்னு பேரு. தமியம்மான்னு அங்க நட்டு வெச்சிக்கீற கல்லுக்கு வெளக்கு கெடையாது, கற்பூரம் கெடையாது, ஒரு கொடம் தண்ணி ஊத்தறதோட சரி. இன்னிக்கும் நம்ம ஊருல சோகையோ சூளையோ போகிக் குப்பையோ, எதுக்கு நெருப்பு வெச்சாலும் ஒரு பொம்பள முன்னால நின்னு, "தமீ, வெளிய வந்துடும்மா"ன்னு கூப்பிடுவா. புதுசா வந்த மருமவளுங்க சிரிக்கும். சிரிக்கட்டும். நாங்க நெருப்புக் குச்சியக் கிழிக்காம, காது குடுத்துக்கினு நிப்போம்.