ஃபோமலினுக்கு ஒரு சாவு

...இல்லண்ணே, உங்க கல்யாணக் கார்டு பிந்தினதுக்கு என்னைத் திட்டாதீங்க, அந்தக் கம்பனிக்காரனத் திட்டுங்க! லித் டெவலப்பர் செய்றதையே நிப்பாட்டிட்டானாம். அது இல்லாம நான் இந்த அச்சகத்து இருட்டறைக்குள்ள என்னத்தைப் புடுங்குறது? உக்காருங்க... அந்தக் கதிரை ஆடும், பாத்து.

அச்சுத் தகடு செய்யக் கார்டைப் படம் புடிச்சா ஃபிலிம்ல எழுத்து பளிச்சுனு நிக்கணும். நடுவுல சாம்பல் வரவே கூடாது. அதுக்குத்தான் லித்து. ஸ்டூடியோ டெவலப்பர்ல போட்டுப் பாத்தேன். உங்க பேரு நானுஓயா மூடுபனிக்குள்ள நிக்கிற மாதிரி வந்திச்சு! "ராஜலிங்கம், இப்படின்னா வேலையைக் கொழும்புக்கு அனுப்பிடுவேன்"னுட்டாரு முதலாளி. வேலை கொழும்புக்குப் போனா நான் எங்கண்ணே போறது?

அக்குறணையில ஃபோட்டோ சாமான் விக்கிற ஹபீல்தான், "நீயே கலக்கு"ன்னு தூளெல்லாம் தந்தாரு. அதுல சேக்கிற ஃபோமலின் மட்டும் அவருக்கிட்ட இல்ல. மருந்துக்கடையில கேட்டேன். அவன் அடையாள அட்டையை வாங்கி, பேரைப் பாத்து, மூஞ்சியைப் பாத்து... குண்டு வெடிக்கிற இந்த நேரத்துல தமிழன் கெமிக்கல் கேட்டா எப்படிப் பாப்பாங்க? அட்டையப் புடுங்கிக்கிட்டு ஓடியாந்துட்டேன்.

பொணம் கெடாம இருக்கவும் ஃபோமலின்தானே? பொணத்தைப் பதப்படுத்திக் குடுக்கிற மலர்ச்சாலைக்குப் போனேன்... என்ன மூளை பாருங்க எனக்கு! மலர்ச்சாலைக்கார விஜேகோன் மாத்தயா குரலைத் தாழ்த்தி, "யாரு?"ன்னாரு. உண்மையைச் சொல்லப் பயம். வாயில வந்ததைச் சொன்னேன். "மாமியாரு."

அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. "ரோட்டுல மறிச்சு, பொணத்தை இங்க கொண்டுவர விடமாட்டேங்கிறாங்களா? நான் ஒண்ணும் கேக்கல"ன்னு போத்தலைக் கடதாசியில சுத்திக் கையில வச்சாரு. அந்த மனுசன் அதோட விட்டாரா? சாயந்திரம் வீட்டை விசாரிச்சு, மலர்வளையத்தோட அம்பிட்டியவுக்கே வந்துட்டாரு! அதைப் பாத்து எங்க லைன் வீட்டுச் சனம் சாவு வீடுன்னு வெள்ளைக்கொடி கட்டிட்டாங்க. என் பொஞ்சாதி அழகம்மா, "யாருக்கு என்ன?"ன்னா. "உங்கம்மாவுக்கு"ன்னு எவளோ சொல்லிட்டா. அப்படியே விழுந்துட்டாண்ணே. இந்தக் காலத்துல சாவுச் சேதின்னா யாரு பொய்யின்னு நினைப்பா? அவளை எழுப்பி உக்கார வச்சு, உண்மையைச் சொல்லி, வெளக்குமாத்தால வாங்கினேன். நல்லா வாங்கினேன்.

மறுநாள் நாவலப்பிட்டியிலிருந்து மாமியா மூக்காயி வந்து எறங்குறா, சேதி மாறிப் போயி, மகதான் செத்துட்டான்னு மார்ல அடிச்சுக்கிட்டு! அழகம்மாவைப் பாத்ததும் கட்டிப்புடிச்சு ஒப்பாரி. செத்தது தான்தான்னு தெரிஞ்சதும் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "யார் யாரு வந்தாங்க?"ன்னா. அன்னைக்குக் கதிரையில உக்காந்தவதான், இன்னும் ஊருக்குப் போகல.

டெவலப்பரா? அதெல்லாம் அன்னைக்கே வேலை செஞ்சிருச்சு. எழுத்தைக் கண்ணுல ஒத்திக்கலாம். அப்ப ஏன் பிந்திச்சா? அதுவந்து... முதலாளியும் மாலையோட வந்து, "வீட்டுல இரு ராஜலிங்கம்"னு ஒரு வாரம் லீவு குடுத்துட்டாரு. நான் எப்படிண்ணே வேணாங்கிறது? அவருக்கு இன்னும் உண்மை தெரியாது, மெதுவாப் பேசுங்க...

ஐயய்யோ, வாசல்ல யாரு, சோத்துப் பார்சலோட? முதலாளிக்கிட்டயே, "ராஜலிங்கத்தோட மாமியா நான்"னு சொல்றாளே! அண்ணே, கொஞ்சம் முன்னால மறைச்சு நில்லுங்க... அண்ணே? எங்கண்ணே போறீங்க?