அண்ணாவின் சிடிகளை நான் எம்பி3 ஆக்கிய விதம்

சிடியைத் துடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, துவான். எல்லோரும் தட்டு கழுவுவதுபோலச் சுற்றிச் சுற்றித் துடைக்கிறார்கள். அது தப்பு. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். சுற்றித் துடைத்துக் கீறல் விழுந்தால் அது பாட்டோடு கூடவே ஓடி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். குறுக்கே விழுந்த கீறலை இயந்திரம் எப்படியாவது தாண்டிப் போய்விடும். காலையில் உங்கள் ஆள் ஒருவர் அண்ணாவின் சிடியைச் சட்டை நுனியால் வட்டமாகத் துடைப்பதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

மலாயில் திணற வேண்டாம், தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நன்றி. என் பெயர் விநாயகமூர்த்தி. டெலிபோன் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பிரிக்பீல்ட்ஸ் வீடு அப்பா கட்டியது. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தவர் அவர். அப்பாவுக்குப் பிறகு அண்ணா கனகலிங்கமும் அண்ணியும் நானும் அங்கே இருந்தோம். அண்ணி போன பிறகு நானும் அண்ணாவும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே ஞாபகமில்லை. அண்ணாவுக்குச் சர்க்கரை. அவருக்குச் சமைப்பது, கால் விரல்களுக்கு நடுவே ஈரம் இல்லாமல் துடைப்பது, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது எல்லாம் நான்தான். குறையாகச் சொல்லவில்லை. நன்றாக இருந்தோம்.

அண்ணாவுக்கு இருந்த ஒரே பைத்தியம் கச்சேரி. கிள்ளானில் ஒரு கடை, மெட்ராஸிலிருந்து சிடி வந்து இறங்கினால் முதல் போன் அண்ணாவுக்குத்தான் வரும். ஹாலில் ஒரு சுவர் முழுக்க நாகஸ்வரம், வீணை, வாய்ப்பாட்டு. சாயங்காலம் நான் சிடியைத் துடைத்துப் போடுவேன். அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சங்கீதம் அவ்வளவு தெரியாது. சத்தம் தெரியும். எங்கே சுத்தமாக இருக்கிறது, எங்கே அழுக்கு என்று தெரியும்.

பக்கத்து வீட்டு இராஜம்மாவின் பூனை அந்த நேரம் பார்த்துத்தான் ஜன்னலடியில் கத்தும். பிறகு கத்தவில்லை. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

அண்ணாவின் மகள் குணபூசணி மெல்பர்னில் இருக்கிறாள். நாங்கள் குணா என்போம். போன வருடம், தொண்ணூற்றெட்டில், அவள் வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் பேச்சு எடுத்தாள். அப்பா இனிமேல் என்னோடு வந்துவிடட்டும் என்றாள். நான் அப்போது அண்ணாவுக்குக் கருவேப்பிலையைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

"சித்தப்பாவுக்கும் ரெஸ்ட் வேணும்லா" என்றாள். நல்ல பெண். நான் களைத்துப்போயிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

அண்ணா உடனே சரி என்று சொல்லவில்லை. "என் சிடியெல்லாம் என்னாகுறது?" என்று கேட்டார். அத்தனையையும் பிளேனில் ஏற்ற முடியாது. குணாதான் சொன்னாள், கம்ப்யூட்டரில் எம்பி3 என்று ஒன்று வந்திருக்கிறது, அலமாரி முழுவதையும் உள்ளங்கையில் அடங்கும் சில தட்டுகளில் கொண்டுபோகலாம் என்று. அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, ஒன்னால முடியுமா?"

முடியும் என்றேன். அவர் கேட்டு நான் முடியாது என்று சொன்னதே கிடையாது.

வேலை சுலபம் இல்லை, துவான். சிடியிலிருந்து பாட்டை முதலில் முழுசாகக் கம்ப்யூட்டருக்குள் உருவ வேண்டும். பிறகு சுருக்க வேண்டும். நம் காது கவனிக்காத சத்தங்களைப் பார்த்துப் பார்த்து அது எறிந்துவிடும், அதுதான் சுருக்குவது. பாட்டு பாடி முடிப்பதைவிட என் கம்ப்யூட்டர் அதைச் சுருக்கி முடிக்க அதிக நேரம் எடுக்கும். இங்கிலீஷ் பாட்டுக்கு இன்டர்நெட்டே பெயர் கொடுத்துவிடும், நம் பாட்டுக்குக் கொடுக்காது. அதனால் அண்ணா சிடி அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து வாசிப்பார், நான் அதை மைக் வழியாகக் கம்ப்யூட்டரில் பிடித்துவைத்துக்கொண்டு பிறகு டைப் செய்வேன். "தோடி. ஆதி தாளம். அடுத்தது, காம்போதி." நடுவில் டீ கேட்பார். குணா போன் செய்தால் பேசுவார். மைக் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நான் நிறுத்துவதில்லை. அந்த மாதங்கள் மாதிரி எங்களுக்கு ஒரு காலம் இருந்ததே இல்லை. நாள் முழுக்க அவர் பேசினார், என்னிடம்.

நான் மெதுவாகச் செய்தேன் என்று குணா எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது தப்பு, நான் ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு பாட்டையும் முழுசாகக் கேட்டுச் சரிபார்த்தேன். சரியில்லாததை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கச்சேரி சிடியில் ஆலாபனை முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில் சத்தம் விடாமல் ஓடும். எம்பி3 ஆக்கினால் அந்த இடத்தில் கண் இமைக்கும் நேரம் ஒரு வெறுமை விழுகிறது. ஒரு ஆள் படியிறங்கி வரும்போது நடுவில் ஒரு படி இல்லாததுபோல. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் அழித்து முதல் சிடியிலிருந்து ஆரம்பித்தேன்.

அன்றைக்கு அண்ணாவுக்கு டிக்கெட் வந்துவிட்டது. மத்தியானம் கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரே பாட்டை சிடியிலும் எம்பி3யிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன், அந்த வெறுமை அவருக்குக் கேட்க வேண்டும் என்று. கண்ணை மூடித்தான் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்லா, தம்பி."

மறுபடி போட்டேன்.

"ஒண்ணுதான். போதும், விடு. முடிஞ்ச வரைக்கும் குடு, நான் கொண்டுபோறேன். வீட்டை வித்திடலாம்னு இருக்கேன். நீ ஒரு ஆளுக்கு சாலாக் செலாத்தான் பக்கம் ஒரு ரூம் போதும், இல்ல?"

இவ்வளவு காலம் கச்சேரி கேட்டவர், துவான். அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசுகிறார். எனக்கு வந்த கோபம் அந்த ஒரு வார்த்தைக்குத்தான். மற்றதற்கு இல்லை. வீட்டை நான் எப்போதும் பெரிதாக நினைத்தவன் இல்லை.

மேசைமேல் பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. செம்பும் இரும்பும், செங்கல்லைவிடக் கனம். எடுத்து அவர் தலையின் பக்கவாட்டில் அடித்தேன். காதுக்கு மேலே. எலும்பு உள்ளே போவது கையில் தெரிந்தது, பச்சைத் தேங்காய் மட்டையை அமுக்கியதுபோல இருந்தது. நாற்காலியோடு சாய்ந்தார். கண்ணாடி ஒரு பக்கம் தொங்கியது. இரத்தம் காதிலிருந்து கழுத்துக்கு இறங்கி, நான் காலையில் இஸ்திரி போட்ட பனியனுக்குள் போனது. இரண்டாவது அடி முன்நெற்றியில். அதற்குப் பிறகு கால் மட்டும் கொஞ்ச நேரம் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது, தாளம் தப்பின மாதிரி. அதுவும் நின்றது.

அவர் எதுவும் பேசவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

தரையைத் துடைத்தேன். அதையும் நடுவிலிருந்து விளிம்புக்குத்தான், பழக்கதோஷம். ஸ்பீக்கர் இரண்டையும் மரத்தரையில் வைத்தால் அதிரும், கீழே கனமாக ஒரு சிமெண்டுக் கட்டை வேண்டும் என்று நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பலகைகளைப் பெயர்த்தேன். கீழே மண் மெத்தென்று இருந்தது. அண்ணாவைக் கழுவி, நல்ல வேட்டி கட்டி, சட்டை மாற்றித்தான் இறக்கினேன். முழங்கால் மடங்க மறுத்தது. மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி மடக்க வேண்டியிருந்தது, அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மேலே சிமெண்டு போட்டு மட்டம் பார்த்தேன்.

இராஜம்மா வாசலில் வந்து நின்று, "என்னா லிங்கம் அண்ணன் வீட்ட இடிக்கிறாரா?" என்று கேட்டாள்.

"ஸ்பீக்கருக்குக் கட்டை போடறேன் இராஜம்மா. அண்ணா நேத்தே பிளேன் ஏறிட்டாரு" என்றேன்.

"சொல்லாமலே போயிட்டாரா? மெதுவா தட்டு லா, எனக்குத் தலவலி."

இப்போது சத்தம் எவ்வளவு திடமாக வருகிறது தெரியுமா? நீங்கள் வந்து உடைக்கும் முன்னால் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

குணாவிடம், அப்பாவுக்குக் கால் புண் ஆறவில்லை, டாக்டர் பிளேன் ஏற விடவில்லை, பயணம் தள்ளிப்போகிறது என்றேன். அவள் ஞாயிறுதோறும் அப்பாவோடு பேச வேண்டும் என்றாள். அண்ணா போனில் எப்போதும் அதிகம் பேசமாட்டார். "ம்ம்." "சாப்பிட்டியாம்மா?" "சரிம்மா." "வைக்கிறேன்." அவ்வளவும் மைக் பிடித்து வைத்திருந்ததில் இருந்தது. தனித்தனியாக வெட்டி, சுருக்கி, வரிசையாக வைத்துக்கொண்டேன். போனை ஸ்பீக்கரிடம் பிடித்து, அவள் நிறுத்தும் இடம் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். டெலிபோன் கம்பியில் எல்லாக் குரலும் கொஞ்சம் செத்துத்தான் போகும், அது என் தொழில், எனக்குத் தெரியும். அவள் பிள்ளைகள் படிப்பைச் சொன்னாள். அண்ணா "ம்ம்" என்றார். அவள் சமையலைச் சொன்னாள். அண்ணா "சரிம்மா" என்றார். ஒரு தரம் அவள் சிரித்தாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. சொந்த மகளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. ரெண்டும் ஒன்றுதான்.

என்ன பார்க்கிறீர்கள்? ஆமாம், அதைத்தான் அண்ணாவும் சொன்னார். அது வேறு விஷயம்.

கண்டுபிடித்ததும் குணாதான். சில ஞாயிறுகள் கழித்துப் பேச்சுக்கு நடுவே சட்டென்று நிறுத்தினாள். "அப்பா, நீங்க ஒவ்வொரு வாட்டியும் ஒரே மாதிரி சரிம்மா சொல்றீங்க" என்றாள். நான் "ம்ம்" தட்டினேன். பிறகு, "சித்தப்பா, எங்கப்பாவ என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். எந்த மனுஷனும் இரண்டு தடவை ஒரே மாதிரி சரி சொல்லமாட்டான். அது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தம் தெரிந்தவன் நான், எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றிவிட்டது. அவளுக்கு அண்ணாவின் காது.

கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. "அண்ணா" என்று பெயர் போட்ட ஃபைல் ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அதை மட்டும் நான் எம்பி3 ஆக்கவில்லை. சுருக்காமல், பிடித்தது பிடித்தபடி வைத்திருக்கிறேன். அன்றைக்கு மத்தியானமும் மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கேட்டுவிட்டீர்களா?

அப்படியென்றால் முன்னால் சொன்னதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். முதல் அடிக்குப் பிறகு அண்ணா பேசினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். வாயில் இரத்தம், ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும். "நான் போகல தம்பி. உன்னோடயே இருக்கேன். எங்கயும் போகல." ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அதைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், கச்சேரியை விட்டுவிட்டு.

போகமாட்டேன் என்றுதான் சொல்லிவிட்டாரே, பிறகு எதற்கு இரண்டாவது அடி என்கிறீர்கள். அண்ணா பொய் சொல்கிறவர் இல்லை, துவான். அந்த நிமிஷம் அவர் உண்மையாகத்தான் சொன்னார். அவர் மனசு மாறுவதற்குள் அடித்துவிட்டேன்.