மன்னன் ஊசி

— அமராவதியக்கா, அந்தச் சினை ஊசிக் குச்சியக் குடுத்துருங்க. வெந்நீர்லேருந்து எடுத்தாச்சு. பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல தாங்காது. வெயில் பட்டா உள்ள இருக்கற வித்து அம்புட்டும் செத்துரும்.

— சாகட்டும். இதுல என்ன நம்பரு போட்டிருக்குன்னு வாசிங்க, பீட்டர் தம்பி.

— எழுத்து ரொம்பப் பொடிசுக்கா.

— எனக்குத் தெரியுதே! போன்ல பெருசாக்கிப் பாக்க எம் மக எலக்கியா சொல்லிக் குடுத்திருக்கா. இந்தா, அறுபத்திரெண்டு. மன்னன் காளைக்கு நாப்பத்தேழுல்ல?

— மன்னன் ஸ்டாக் இல்லக்கா.

— நேத்து போன்ல, “மன்னன் இருக்கு, காலையில வாரேன்”னு சொன்னது எந்த வாயி?

— மாட்டப் பாருங்கக்கா. நேத்து சாயந்தரம் கத்துச்சு, இப்பப் போட்டாத்தான் சினை நிக்கும். போன ரெண்டு தடவையும் ஒரு நாள் கழிச்சுக் கூப்புட்டீங்க, நிக்கல. இன்னைக்கும் விட்டா மறுபடி கத்த இன்னும் இருபத்தோரு நாளு.

— எனக்கு ஏது இருபத்தோரு நாளு? இந்தத் தடவையும் நிக்கலைன்னா சந்தைக்கு ஓட்டிருன்னு சிங்கப்பூர்லேருந்து எங்க வீட்டுக்காரரு சொல்லிப்புட்டாரு. ஆத்தா இல்லாத கன்னு தம்பி இவ. புட்டிப்பால் குடுத்து வளத்தேன். மன்னனுக்குப் பொறந்தவன்னு மன்னாத்தான்னு பேரு வச்சேன்.

— அப்பக் குச்சியக் குடுங்க.

— பதிலச் சொல்லுங்க, குடுக்குறேன். எம் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.

— பாருங்கக்கா, மன்னன் இவளுக்கு வேணாம். இவ மன்னன் மக. அப்பனையே மகளுக்குப் போடக் கூடாது.

— அடப்பாவி! போன ரெண்டு தடவையும் மன்னன்னுதானே சொன்னீங்க? அப்ப மட்டும் அவன் அப்பன் இல்லையா? தெரிஞ்சே போட்டீங்களா? அதான் எம் மாட்டுக்கு நிக்கலையா? மருதாயி மதினி! ஏ மதினி! செத்த இங்கிட்டு வாங்க!

— என்னடி? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன், இரு!

— அவங்களக் கூப்புடாதீங்கக்கா. தெருவுக்குத் தெரிஞ்சா எம் பொழப்பு போயிரும்.

— எம் பொழப்பு போகலாமோ?

— போடலக்கா.

— என்னது?

— மன்னனப் போடல. போன தடவையும் போடல, அதுக்கு முந்தியும் போடல. இவ ஆத்தாளுக்கும் போடல. இந்த ஊருல ஒரு மாட்டுக்குக்கூட நான் மன்னனப் போட்டதே இல்ல. மாதா மேல சத்தியம்.

— குளத்தூர் ரோட்டுல செம்மல் டீக்கடைக்குப் போயிப் பாருங்க, மன்னன் படத்துக்கு மால போட்டு வச்சிருக்காரு! பதினாறு லிட்டர் கறக்குதே அவரு மாடு, அது மன்னன் மக இல்லையா?

— இல்ல. அது முப்பத்தொண்ணாம் நம்பரு.

— மருதாயி மதினியோட செவலை?

— பதினெட்டு.

— ஆறு வருஷமா ஊரையே கேணப்பயலாக்கி வச்சிருக்கீங்க! நல்லா வருதுய்யா வாயில!

— திட்டுங்க. முன்னாடி நான் இருந்த ஏரியாவுல கேட்டவங்களுக்கெல்லாம் மன்னனத்தான் போட்டேன். கன்னு ஒவ்வொண்ணும் செல மாதிரி. அந்தக் கிடாரிக வளந்து பருவத்துக்கு வந்துச்சு. அதுகளுக்கும் மன்னன்தான் வேணும்னாங்க. போட்டேன். ஒரே வருஷத்துல ஏழு கன்னு குருடு. கண்ணு முழிச்சுத்தான் இருக்கும். மடி எங்கிட்டு இருக்குன்னு தெரியாம செவத்துல போயி முட்டும். ஏழுக்கும் நாந்தானக்கா ஊசி போட்டேன். ராவுல கண்ண மூடுனா அந்த முட்டுற சத்தந்தான்.

— இத எங்கள்ட்டச் சொல்றதுக்கென்ன?

— வந்த புதுசுலயே சொன்னேன். “மன்னன் இல்லாட்டி வேற ஆளக் கூப்புட்டுக்கறோம்”னு மொத ஆளாச் சொன்னது நீங்கதான்.

— நானா?

— இதே கொட்டகையில நின்னுதான். அந்த வேற ஆளு கேட்டத அப்படியே போட்டுட்டுப் போயிருவாரு. அதான் வாயால மன்னன்னு சொல்லிட்டு, ஆத்தா யாரு, அப்பன் யாருன்னு பாத்து மாட்டுக்கு மாடு மாத்திப் போட்டேன். இந்த ஊருல ஒரு குருட்டுக் கன்னு சொல்லுங்க பாப்போம்.

— மன்னாத்தாளுக்கு அப்பன் யாரு? இப்பவாச்சும் நெசத்தச் சொல்லுங்க.

— இருபத்தஞ்சு.

— இந்த அறுபத்திரெண்டு அவளுக்கு ஒட்டா, ஒறவா?

— ஒண்ணும் கெடையாது. வேத்தாளு.

— எத்தன நிமிஷம் ஆச்சு?

— பத்து இருக்கும்.

— இந்தாங்க. நம்பரு பாத்ததோட முந்தானைக்குள்ளதான் வச்சிருந்தேன், வெயில் படல. நான் வாலப் புடிச்சுக்கறேன். ஆடாதடி ஆத்தா, செத்த நில்லு.

— ஆச்சுக்கா. நெழல்ல கட்டுங்க.

— இதோட ஒங்கள விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. மதினி வரட்டும், எல்லாத்தையும் சொல்லிப்புடுவேன்.

— சொல்லுங்க. நாளையிலேருந்து அந்த ஆளு வருவாரு. மொத மூணு வருஷம் ஒண்ணும் தெரியாது. கன்னெல்லாம் அழகாத்தான் இருக்கும்.

— பேசாதீங்க. அந்தா வாராங்க.

— என்னடி அமராவதி, தொண்ட கிழியக் கத்துன? நான் மாடுதான் செத்துப்போச்சோன்னு ஓடியாறேன். தம்பி மொகம் ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்கு? ஊசி போட்டாச்சா?

— போட்டாச்சு மதினி.

— எந்தக் காளை? எஞ்செவலைக்கும் அடுத்த வாரம் போடணும், அதான் கேக்குறேன்.

— மன்னன்தான் மதினி. குச்சிய வாங்கி நானே நம்பரு பாத்தேன்.